ஜன்னல்ல என்ன தெரியுது பாப்பா?

அத்தா,

உங்கள் நீலப் பூப்போட்ட விரிப்பை இன்று காலை துவைத்துக் காயப்போட்டேன். கல்ஃபிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அதே விரிப்பு. எத்தனை முறை துவைத்தாலும் அதன் ஒரு ஓரத்தில் துருப்பிடித்த இரும்பின் வாசம் மட்டும் போவதில்லை. அந்த ஓரத்தில்தான் சாணுக்கு ஒன்றாகப் பதினோரு ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். ஓரத்தை வெட்டிவிட்டு மடித்துத் தைத்துவிடலாம் என்று அம்மா கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். "கை வைக்காதீங்க" என்று கத்திவிட்டேன். பாவம், திகைத்துப்போய் நின்றாள். காரணம் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு இது புதிதில்லை. எனக்குத்தான் இவ்வளவு தாமதமாகத் தெரியவந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளிக்கிழமை என்றால் உங்கள் ஃபோன். ஜும்மா முடிந்து நீங்கள் சாப்பிட்டுவிட்டு அழைக்கும் நேரத்துக்கு நம் வீட்டில் எல்லோரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அம்மா ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் பேசி முடித்து என் கையில் தரும்போது எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பேன். "அத்தா, ஒங்க ஜன்னல்ல என்ன தெரியுது?" நீங்களும் ஒரே பதிலைச் சொல்வீர்கள். "ஒரு ஈச்சமரம் பாப்பா. அதுல ரெண்டு புறா." புறாக்கள் என்ன செய்கின்றன என்று கேட்பேன். ஒன்று தூங்குகிறது, இன்னொன்று அதை எழுப்பிக்கொண்டிருக்கிறது என்பீர்கள். உங்கள் குரல் எப்போதும் சன்னமாகவே வரும். "சத்தமா பேசுங்க, கேக்கல" என்று நான் கத்துவேன். "லைன் சரியில்லம்மா" என்பீர்கள். நீங்கள் அங்கே இருந்த இருபத்திரண்டு வருடமும் லைன் சரியில்லாமலேயே இருந்தது.

அந்த ஜன்னலை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஷார்ஜா என்றால் எனக்கு அந்த ஜன்னல்தான். பள்ளியில் படம் வரையச் சொன்னால் உங்கள் அறை என்று ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல், இரண்டு புறா வரைவேன்.

பிறகு வெளிநாடு போகிற முறை எனக்கு வந்தது. திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்த அந்த வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை அலுவலகத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஊர் திரும்பியபின் பாலக்கரையில் கடை வைத்து வாளியும் குடமும் விற்கிற மனிதர் அந்த ஏசி அறையில் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். கல்லூரிக் கட்டணம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை வங்கிக்கடன் பார்த்துக்கொள்ளும் என்று முடிவாகியிருந்தது. அங்கே வேலை பார்த்த இளைஞர் தங்குமிடப் படங்களைக் காட்டத் தொடங்கியதும்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் குளியலறையோடு தனி அறை. அதிலேயே எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை என்றால் வாடகை கொஞ்சம் இறங்கும். ஊருக்கு வெளியே தனியார் வீட்டில் அறை இன்னும் மலிவு, ஆனால் மிச்சமாவதைப் பஸ் பாஸ் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே வீட்டில் பல பேர் சேர்ந்து இருப்பது.

"ஷேரிங் போனா பாதிக்குப் பாதி மிச்சம் அங்கிள்," என்றார் அவர்.

"ஒரு பாத்ரூமுக்கு எத்தன பேரு தம்பி?"

அவர் அடுத்த படத்துக்குத் தாவினார்.

"துணி எங்க காயப்போடுவாங்க? சுடுதண்ணி எத்தன மணி வரைக்கும் வரும்? கூட இருக்குறவங்க நைட் டூட்டி பாக்குறவங்களா இருந்தா பகல்ல லைட்டு போடலாமா?"

"அதெல்லாம் ஸ்டூடண்ட்ஸ் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க அங்கிள்."

"பண்ணிக்குவாங்க. அதனாலதான் கேக்குறேன்."

எனக்கு மானம் போனது. கீழே இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே சண்டை போட்டேன். எல்லாப் பெற்றோரும் ரேங்கிங் கேட்கிறார்கள், நீங்கள் துணிக்கொடியைக் கேட்கிறீர்களே என்றேன். தனி அறை வைத்துக்கொண்டு ஈச்சமரம் பார்த்தபடி இருந்த ஒரு மனிதருக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் எப்படித் தெரிந்தன என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எம்.எஸ்சி. படிக்கப் போகிறவள் நான்! என் புத்தி அவ்வளவுதான். நீங்கள் டீக்கடையில் நின்று, "ஜன்னல் இருக்குற தனி ரூம். அதுல பேரம் கெடையாது" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த அறைக்கு ஒரு மாதம் கேட்ட வாடகையில் பாலக்கரையில் ஒரு வருடம் குடியிருக்கலாம். எப்படியும் சமாளிக்கலாம் என்றீர்கள். பெட்டி கட்டும்போது, லேசாக இருக்கிறது, சீக்கிரம் காயும் என்று நான்தான் அந்த நீல விரிப்பை எடுத்து வைத்தேன். "இதுல ஏன் இத்தன ஓட்ட?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எலி கடிச்சிருக்கும்" என்றாள். சாண் அளந்து வரிசையாகக் கடிக்கிற எலி எந்த ஊரில் இருக்கிறது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வேற புதுசு எடுத்துட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

இங்கிலாந்தில் முதல் நான்கு மாதம் ராஜவாழ்க்கை. இப்போது கேள்வி உங்கள் பக்கம் போய்விட்டது. வீடியோவில் முகம் தெரிந்ததும், "ஜன்னல்ல என்ன தெரியுது பாப்பா?" என்பீர்கள். கார் நிறுத்துமிடம், சைக்கிள் ஸ்டாண்டு, மழை. ஃபோனைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்ப்பீர்கள். ஒரு சைக்கிளின் மேல் ஒரு மாதமாகப் பனியும் மழையும் விழுகிறது, யாருமே எடுப்பதில்லை என்று அந்தச் சைக்கிளுக்காக வருத்தப்படுவீர்கள்.

டிசம்பரில் ஒரு நாள் அம்மா தனியாக அழைத்தாள். "ஒங்கத்தா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்காரு. திரும்ப அங்கயே போகப் போறாராம். பழைய கம்பெனியில செக்யூரிட்டி வேல இருக்காம்." ஐம்பத்தெட்டு வயது. பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிற முட்டி. என் ஜன்னலுக்காக நீங்கள் மறுபடியும் போகப்போகிறீர்கள் என்று புரிந்த நிமிடத்தில் எனக்கு அந்த அறையே பிடிக்காமல் போய்விட்டது. அங்கே ஒப்பந்தத்தைப் பாதியில் விட முடியாது. நம் இடத்துக்கு வேறு ஆளைக் காட்ட வேண்டும். அறை தேடிக்கொண்டிருந்த ஒரு மாணவியைப் பத்து நாளில் கண்டுபிடித்து ஒப்பந்தத்தை அவள் பெயருக்கு மாற்றிக்கொடுத்தேன். உங்களுக்கு ஃபோன் போட்டு, யுனிவர்சிட்டியே வாடகையைப் பாதியாகக் குறைத்துவிட்டது என்று அடித்துவிட்டேன். நீங்கள் நம்பியது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட் பீரோவுக்குள் திரும்பப் போய்விட்டது என்று அம்மா சொன்னதும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன்.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு வீட்டின் ஹால். அடுக்குக் கட்டில்களில் ஆறு பெண்கள். எனக்குச் சுவரோரத்தில் கீழ்க்கட்டில். ஜன்னல் எதிர்ப்பக்கம், வேறொருத்தியின் தலைமாட்டில், எப்போதும் திரை மூடி. இரண்டு பேர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள். அதனால் லைட் கிடையாது, பேச்சு கிடையாது. மறைப்புக்கு உங்கள் விரிப்பை மேல்கட்டில் கம்பியில் கட்டினேன். ஓட்டைகள் தயாராக இருந்தன. ஊக்கு மாட்டுவதற்கென்றே செய்ததுபோல் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் இருந்தது. எலிக்கு நன்றி சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? விரிப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹாஸ்டல் சுவருக்கு நீலத்தாள் ஒட்டியிருக்கிறார்கள் என்று மெல்லிய குரலில் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ உரசிக்கொண்டு போனார்கள்.

"சுவரு ஏன் பாப்பா ஆடுது?"

"ஃபேன் காத்து அத்தா."

"ஜனவரியிலயா?"

"ஹீட்டர்... ஹீட்டர் காத்து."

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனீர்கள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பூக்களைப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள், ஜன்னல்ல என்ன தெரியுது என்று. நான் தயாராக இல்லை. கார் நிறுத்துமிடத்தையே சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"ஒரு மரம் அத்தா. அதுல ரெண்டு புறா."

ஃபோன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். உங்கள் முகம் அப்படியே இருந்தது, கண்ணாடி மட்டும் நழுவி மூக்கில் நின்றது. "சாப்ட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டீர்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் மூடாத உங்கள் கடை மறுநாள் முழுக்கப் பூட்டிக் கிடந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

நான்காம் நாள் நீங்களே கூப்பிட்டீர்கள்.

"நீ பேசுறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது பாப்பா. காது மந்தமாயிருச்சு. சத்தமா பேசுற மாதிரி ஒரு ரூமுக்கு மாறிக்க."

"காது மந்தம்னா டாக்டர்ட்ட போங்க அத்தா. அதுக்கு நான் ஏன் ரூம் மாறணும்?"

"டாக்டரவிட ரூமு சீப்பு. ஸ்ரீரங்கத்துப் பொண்ணுகிட்ட பேசு, எல்லாம் பேசி முடிச்சாச்சு."

ஸ்ரீரங்கத்துப் பெண் என்றால் ரங்கநாயகி. என் வகுப்புதான், ஒரே விமானத்தில் போனவர்கள். திருச்சி ஏர்போர்ட்டில் எங்களை வழியனுப்ப வந்து நீங்களும் அவள் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள். அடுப்பை யாரோடும் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அவளும் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறைக்குக் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள்தான் என்னிடம் சொன்னாள்.

"ஒங்கப்பா நம்மாத்துக்கு வந்திருந்தாராம்டி! ஒரு சீப்புப் பழத்தோட, மத்தியான வெயில்ல, பஸ்ஸ விட்டு எறங்கி உத்தர வீதி முழுக்க விசாரிச்சுண்டு நடந்தே வந்தாராம்."

அவள் அப்பா உங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்து, காபி கொடுத்து, நீங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாராம். "பாய், தப்பா எடுத்துக்காதீங்கோ. ரெண்டு கொழந்தைகளும் சேந்து ஒரு சின்ன வீடா எடுத்துண்டா எங்களுக்கும் நிம்மதிதான். ஆனா எங்காத்துக்காரிக்கு அந்தச் சமையலறை விஷயம் ஒண்ணுதான்..."

"புரியுதுங்க. எம்பொண்ணு வீட்டுக்குள்ள கறி, மீனு எதையும் ஏத்த மாட்டா. ஆச வந்தா வெளிய சாப்ட்டுக்குவா. பாத்திரமும் தனியா வச்சுக்குவா. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"சொல்லுங்கோ."

"ரெண்டு ரூமுல பெரிய ஜன்னலு இருக்குறது எம்பொண்ணுக்கு."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பிரியாணியைக் கொடுத்து ஜன்னலை வாங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள்! நான் எவ்வளவு கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வாடகையைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டேன். ஹாஸ்டல் தனி அறையைவிடக் குறைவு, ஹால் கட்டிலைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்தக் கொஞ்சத்துக்கு நீங்கள் மறுபடி பாஸ்போர்ட்டை எடுக்க மாட்டீர்கள் என்று சத்தியம் கேட்டேன். சத்தியம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லி, கடையில் பாதியைச் செல்போன் ரீசார்ஜ் செய்கிற ஒருவருக்கு விட்டுவிட்டதை வீடியோவில் காட்டினீர்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் வாளிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. "எனக்குப் பாதி எடம் தாராளம் பாப்பா. பழக்கந்தான்" என்றீர்கள். அந்த "பழக்கந்தான்" கூட என் காதில் சரியாக விழவில்லை.

புது வீட்டில் முதல் நாள் நீங்கள் கேட்டபோது எரிச்சலோடு பதில் சொன்னேன். "நாலு குப்பத்தொட்டி. ஒடஞ்ச சோஃபா ஒண்ணு. அதுமேல மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு பூனை. போதுமா? இதுக்குத்தான் அவ்வளவு பேரம் பேசுனீங்களா?"

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "அல்ஹம்துலில்லாஹ். நல்ல ஜன்னல்மா அது."

"குப்பத்தொட்டிய பாத்தா நல்ல ஜன்னலா?"

"நீ சண்ட போடுறது எவ்வளவு நல்லாக் கேக்குது பாத்தியா!"

அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் படிப்பை முடித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரங்காவே என்னை வெளியே தள்ளுவாள், "போய் ஒங்கப்பா வித்தத சாப்ட்டுட்டு வா, நான் எதுவும் கேக்கல" என்று. படிப்பு முடிந்து, அங்கேயே வேலை பார்த்துக் கடனும் முடிந்து, ஊருக்கே திரும்பி வந்து காட்டூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்களோடு இரண்டு வருடம் இருக்கக் கிடைத்தது. நான் பொய் சொன்னதை நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்று கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதற்குள் நீங்கள் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு மருங்காபுரியிலிருந்து ஒருவர் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒரு பை நிலக்கடலையோடு வாசலில் நின்றார். சின்னையா என்று பெயர் சொன்னார். ஷார்ஜாவில் உங்களோடு இருந்தவராம், செய்தி தாமதமாகத்தான் தெரிந்ததாம். கூடத்துக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். வருகிறவர்களுக்காக அம்மா அதில் நீல விரிப்பை விரித்திருந்தாள். அவர் உட்காராமல் குனிந்து அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது நம்ம பாய் கட்டில்ல தொங்குனதுல்ல?"

"எந்தக் கட்டில்?" என்றேன்.

"கீழ்க்கட்டிலு அவருக்கும்மா, மேல எனக்கு. ரூமுல பன்னண்டு பேரு. கம்பியில இரும்பு வளையம் மாட்டி இத தொங்கவிட்டிருப்பாரு. வெள்ளிக்கெழமையானா இத இழுத்து மூடிக்கிட்டு ஒங்ககூட பேசுவாரு. நைட் டூட்டிக்காரங்க தூங்குவாங்கல்ல, ரொம்ப மெல்லமாத்தான் பேசுவாரு."

"ஜன்னல்?" என்று கேட்டேன்.

"ஜன்னலு ஏதும்மா? இருந்த ஒண்ணையும் ஏசி வைக்க அடைச்சுப்புட்டாங்க." அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். "ஈச்சமரம், ரெண்டு புறா... அதானே? நான் மேலருந்து எட்டிப் பாத்து, 'வாரா வாரம் ரெண்டுதானா பாய்? இன்னொண்ணு சேத்துக்குங்களேன்'ம்பேன். 'வேணாம்யா, கணக்கு மறந்துட்டா பாப்பா கண்டுபுடிச்சுரும்'பாரு."

சிரித்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கோபம்தான் முதலில் வந்தது, அத்தா. இத்தனை வருடம் ஒரு பிள்ளைக்கு இல்லாத புறாவைக் காட்டிய மனிதரை என்ன செய்வது? பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நீங்கள் எங்களுக்காகச் சொன்ன பொய்யை, நீங்கள் தொங்கவிட்ட அதே துணிக்கு முன்னால் உட்கார்ந்து, அதே புறாக்களோடு உங்களிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகளும் கீழ்க்கட்டிலில்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு ஃபோனை வைத்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைத் திட்டியிருக்கலாம். உங்கள் கதையைச் சொல்லி அழவைத்திருக்கலாம். நீங்களோ காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

வெளிநாடு போகிற மாணவிகள் இப்போது என்னிடம் வந்து எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். வாடகையைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கேள்விகளைத்தான் கேட்கிறேன். துணி எங்கே காயும், பகலில் யார் தூங்குவார்கள். என்னை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். உங்கள் சன்னக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபிறகு வீட்டில் நான் ரொம்பச் சத்தமாகப் பேசுகிறேன் என்று அம்மா குறைப்படுகிறாள். அந்த ஓரத்தை வெட்டப்போவதில்லை என்று அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுவேன். ஏன் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவளும் அந்த ஈச்சமரத்தை நம்பிக்கொண்டுதான் இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள்.

இதை மாடி ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, மூடி ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. கேபிள் ஒயர் ஒன்று அறுந்து தொங்குகிறது. யாரோ காயப்போட்ட பள்ளிக்கூடச் சீருடை. நம் கொடியில் உங்கள் விரிப்பு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. புறா ஒன்றுகூட இல்லை, அத்தா.